வெயில்காரி போனில் பார்த்தது

1

இந்தக் கதையைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். அது எந்த இடத்தில் வேறு மாதிரி ஆனது, எந்த வரியில் ஆனது என்பதைப் பின்னால் வரிசையாகச் சொல்கிறேன். என்னிடம் உள்ள காகிதங்களைத் திருத்தவில்லை. அடித்ததை அடித்தபடியும், பாதியில் விட்டதை விட்டபடியும் இங்கே வைக்கிறேன். சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன், முடியவில்லை.

கதை கிடைத்த இடம் எங்கள் ஊர் வெந்நீர்க் குளியல் இல்லத்தின் முன்கூடம். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் குளித்துவிட்டு, பேருந்து வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அக்டோபர் மாதத்து மாலை. இரண்டு பெண்கள் தலை துவட்டியபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க குரூப்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்க கூட வந்தா மழையே பெய்யாது. சரியான வெயில்காரி."

"அடுத்த தடவை எங்க கூட அனுப்பி வைங்களேன். வாடகைக்கு விடுவீங்களா?"

"கேட்டுச் சொல்றேன். ஆனா அவங்களுக்கு டிமாண்ட் ஜாஸ்தி."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களோடு சம்பந்தமில்லாத இன்னொரு பெண், அறுபது வயதிருக்கலாம், வாசல் பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கழற்றியாகிவிட்டது. அதைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். நாடாவைக் கட்டவில்லை. அப்போதுதான் வாங்கிய குளியல் சீட்டைப் பலகையிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

என் கையில் இருந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் ஏன் போனாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. "வாடகைக்கு விடுவீங்களா" என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

(* வெயில்காரி என்று இங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவர் கூட வந்தால் வானம் தெளியும் என்று பேச்சு. மழைக்காரரும் உண்டு. அவரைக் கிண்டல் செய்தே பாதி உயிரை எடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும்போது வெயில்காரிக்கு எந்த நாள் வசதி என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருக்க மாட்டார்கள்.)

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "அடிவார ஊரின் வானிலை வேறு, உச்சியின் வானிலை வேறு. கீழே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும் நாளில், மேலே முகட்டில் ஒரு ஆள் நேராக நிற்க—" விட்டுவிட்டேன். வாத்தியார் தொனி.

இரண்டாம் தொடக்கம், என் வெயில்காரிக்கு ஒரு பெயர் வைத்து: "மிசாவோ பிறந்த அன்றைக்கு, பத்து நாளாகப் பெய்த மழை—" இதையும் விட்டுவிட்டேன். அடுத்து என்ன எழுதப்போகிறேன் என்பது எனக்கே தெரிந்துபோனது. எழுதுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் படிக்கிறவருக்கு அதற்கும் முன்பே தெரிந்துவிடும்.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். மலை மேலே ஒரு விடுதி. வெளியே புயல் மழை. உள்ளே ஒரு வெயில்காரி. இதைவிட நல்ல வேடிக்கை எங்கே கிடைக்கும்?

3

[கதை. முதல் பகுதி.]

உலர்த்தும் அறையில் தொங்கிய ஈரச் சட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. விடுதியின் தகரக் கூரையில் மழை கல்லெறிவது போல விழுந்தது.

"என்ன மிசாவோ-சான், உங்க வெயில் இன்னைக்கு லீவா?" என்றார் கிதாஹாரா, கழுத்துத் துண்டைப் பிழிந்தபடி. முப்பத்தைந்து வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த மூன்று பேர் குழுவுக்கு அவர்தான் தலைவர். எவ்வளவு கிண்டல் செய்தாலும் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்க்க மறக்க மாட்டார்.

"சூப் ஆறறதுக்குள்ள குடிங்க. அப்புறம் அதுக்கும் என்னையே சொல்வீங்க," என்றாள் மிசாவோ.

"வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோங்க. எனக்கு முட்டி போச்சு, உங்களுக்கு வெயில் போச்சு."

பக்கத்து மேஜையில் நகோயாக்காரர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இவங்கதானா அந்த வெயில்காரி? நேத்து பஸ்ல எல்லாரும் சொல்லிட்டு வந்தாங்களே. அம்மா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்கள நம்பி என் ரெண்டு சாக்ஸும் போச்சு."

கூடமே சிரித்தது. மிசாவோவும் சிரித்தாள். கிண்ணத்தை வாயருகே தூக்கி, அதற்குப் பின்னால் சிரித்தாள்.

அவளுக்கு ஊரில் சலவைக் கடை. இஸ்திரிப் பெட்டியும் ஆவியும் அவளுடையவை, வானத்தைப் பற்றிய பேச்சு ஊராருடையது. பள்ளி விளையாட்டு விழாவில் அவள் வந்து நின்றதும் தூறல் நின்றது. பாட்டுக் குழு கடற்கரைக்குப் போன அன்று, வானொலி சொன்ன புயல் திசை மாறியது. இன்னொரு தடவை, அவள் அக்கா மகள் கல்யாணத்தில். அப்படியே பெயர் நின்றுவிட்டது. இந்தப் பயணத்துக்கும் கிதாஹாரா தேதி குறித்தது வானிலையைப் பார்த்தல்ல, சலவைக் கடைக்கு எப்போது விடுமுறை என்று பார்த்து.

மூன்றாவது ஆள் நோரியே. மிசாவோவோடு பாட்டுக் குழுவில் பாடுகிறவள், பள்ளிச் சமையலறையில் வேலை. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றுவதற்கே பயப்படுகிறவள். நாளை காலை அவர்கள் கடக்க வேண்டிய முகட்டுக்குக் குதிரை முதுகு என்று பெயர். இரண்டு பக்கமும் சரிவு இல்லை, வெறும் பள்ளம்தான். நடுவில் ஓரிடத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். நோரியே வந்தது மிசாவோ கூப்பிட்டதற்காக.

"அந்தச் சங்கிலி கிட்ட நான் அழுதா திட்டக் கூடாது," என்றாள் படுக்கையில் போர்வைக்குள்ளிருந்து.

"தாராளமா அழுங்க. சங்கிலிய விடாம அழுங்க, அது போதும்," என்றாள் மிசாவோ.

விடுதிக்காரர் ஓகுமா ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக் கூடத்து வெள்ளைப் பலகையில் மறுநாள் உச்சி வானிலையை எழுதிப் போடுவார். அன்று இடி விழுந்து இணைப்பு போய்விட்டது. பலகையில் ஒரே வரி: இணைப்பு இல்லை, வந்ததும் எழுதுகிறேன்.

4

[கதை. இரண்டாம் பகுதி.]

காலையில் யாரோ கதவைத் திறந்து, "வந்து பாருங்க," என்று கூப்பிட்டார்கள்.

துடைத்துவிட்ட வானம். மேகமெல்லாம் காலுக்குக் கீழே போய்ப் படுத்திருந்தது. தூரத்து மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. மிசாவோ பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தபோது, வாசலில் நின்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். நகோயாக்காரர் இடுப்பு வரை குனிந்து வணங்கி, இனிப்புக் கட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார்.

"காணிக்கை. சாக்ஸ் காய்ஞ்சிடுச்சு."

"நேத்து ராத்திரி நான் சொன்னதெல்லாம் வாபஸ்," என்றார் கிதாஹாரா. "எல்லாரும் கேட்டுக்கோங்க, வாபஸ்."

"எழுதிக் குடுங்க," என்றாள் மிசாவோ. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

மற்றவர்கள் எல்லோரும் கீழே இறங்குகிறவர்கள். முகட்டின் மேல் போகிறவர்கள் இந்த மூன்று பேர்தான். கூடத்துத் தொலைக்காட்சியில் அடிவார ஊர்களின் வரைபடம் ஓடியது, எல்லா ஊரிலும் சூரியன். வெள்ளைப் பலகையில் அதே ஒரு வரி.

"உச்சி வானிலை இன்னும் வரல," என்றார் ஓகுமா. தோளில் குழாய்ச் சுருள். "கொஞ்சம் பொறுத்தா வந்துடும். தண்ணிக் குழாய் மேல ஒடைஞ்சு கெடக்கு, அதப் பாத்துட்டு வந்துடறேன். நான் வர்றவரைக்கும் ஒரு டீ சாப்பிடுங்க."

அவர் போனதும் கிதாஹாரா கைக்கடிகாரத்தைத் தட்டினார். "அந்தப் பக்கம் கடைசி பஸ் நமக்காக நிக்காது. ரயில் ஓட்டினவன் சொல்றேன். டிவிலயும் வெயில், வெளியிலயும் வெயில், வெயில்காரியும் கூடவே இருக்காங்க. இதுக்கு மேல பலகை வேற எதுக்கு?"

மிசாவோ கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே வந்தாள். விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் மூலையில் சாய்ந்து நின்றால் மட்டும் சிக்னல் கிடைத்து போனுக்கு உயிர் வரும். பழைய ஆட்களுக்கு அது தெரியும். அவள் நின்றாள். உச்சி வானிலைப் பக்கத்தைத் திறந்தாள். அதில்

[இங்கே முன்னறிவிப்பு எந்த வடிவத்தில் இருக்கும் என்று பார்த்து நிரப்ப வேண்டும். ஓரிரு வரி போதும்.]

போனை இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். விரல் சில்லிட்டிருந்ததால் ஜிப் ஒரு தடவையில் மூடவில்லை. சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள்.

வாசல் படியில் நோரியே ஒரு காலில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். "மேல எப்படி இருக்கும்னு யாராவது பாத்தீங்களா?"

"கழுத்து இருக்குல்ல, நிமிந்து பாருங்க," என்றார் கிதாஹாரா.

நோரியே வானத்தைப் பார்க்கவில்லை, மிசாவோவைப் பார்த்தாள். "நீங்க சொன்னா நான் வர்றேன், மிசாவோ-சான்."

"நான் இருக்கேனே," என்றாள் மிசாவோ.

மூன்று பேரும் குதிரை முதுகை நோக்கி நடந்தார்கள். சூரியனும் ஒரு பையை மாட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வருவது போலிருந்தது.

[முற்றும்.]

5

முற்றும் என்று எழுதிவிட்டு டீ போட்டுக் குடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். "நான் இருக்கேனே" என்று முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பேச்சோடு பேச்சாக வந்து, சிரிப்போடு முடிகிற வரி.

நான்கு நாள் கழித்து, அந்த அடைப்புக்குறியை நிரப்ப உட்கார்ந்தேன். இடைவெளியோடு எதையும் தபாலில் சேர்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. மலை உச்சிகளுக்கென்று தனியே வானிலை சொல்லும் இணையப் பக்கத்தில் பழைய அக்டோபர்களைத் தேடினேன். எனக்கு வேண்டியது என் கதைக்குப் பொருந்தும் ஒரு நாள், அதாவது முந்தின இரவு புயல் மழை, காலையில் தெளிந்த வானம். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. முதலில் கிடைத்ததை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன்:

"காலை: தெளிவு. இந்தத் தெளிவு நிலைக்காது. முன்னே போன காற்றழுத்தத் தாழ்வுக்கும் பின்னால் வரும் குளிர்காற்றுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியே இது. முற்பகலிலிருந்து உச்சியில் வடமேற்குக் காற்று நொடிக்கு இருபத்தைந்து மீட்டர். மழை பனியாக மாறும். முகடுகளில் நிற்க இயலாது. காலை வானத்தை நம்பி முகட்டில் ஏற வேண்டாம்."

நல்ல வடிவம், சுருக்கம், உண்மை போலவே இருக்கிறது, ஏனென்றால் உண்மை. அதை எடுத்துக்கொண்டு போய் அடைப்புக்குறி இருந்த இடத்தில் ஒட்டினேன். ஒட்டிய இடம் துருத்திக்கொண்டு தெரியக் கூடாதே என்று, முன்னும் பின்னும் சேர்த்து வாய்விட்டுப் படித்தேன்.

நீங்களும் ஒரு தடவை அப்படிப் படித்துவிடுங்கள். அவள் நின்றாள். பக்கத்தைத் திறந்தாள். அதில், முகடுகளில் நிற்க இயலாது. காலை வானத்தை நம்பி முகட்டில் ஏற வேண்டாம். போனை இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள்.

நான் எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பட்டப்பகல். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன். எல்லா வரியும் நான் எழுதிய வரிதான். போன வாரம், சிரித்துக்கொண்டே எழுதியவை. ஜிப் ஒரு தடவையில் மூடவில்லை என்று எழுதியபோது மலைக் காலையின் குளிரை நினைத்தேன். கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனதை, கூட்டத்திலிருந்து அவளைக் கொஞ்சம் தனியே பிரிக்க எழுதினேன். இப்போது ஒவ்வொன்றும் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. நோரியே கேட்கிறாள், நீங்க சொன்னா நான் வர்றேன் என்று. நான் இருக்கேனே, என்கிறாள் மிசாவோ.

அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சொல்கிறாள்.

6

அவளைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் வேறு நாள் தேடினேன். இரவு மழை பெய்து, காலையில் தெளிந்து, மாலை வரை அப்படியே நின்ற நாட்களும் இருக்கின்றன. இரண்டு கிடைத்தன. "நாள் முழுதும் தெளிவு, காற்று மிதம்" என்ற ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். எல்லாம் சுகம். சிரிப்புக் கதை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் படித்தால் ஓரிடத்தில் கால் இடறுகிறது. நல்ல சேதியைப் பார்த்தவள் தொட்டி மூலையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்திருக்க மாட்டாளா? "பாத்துட்டேன், சாயங்காலம் வரைக்கும் வெயில், எழுதிக் குடுங்கன்னேனே" என்று கிதாஹாராவை வாரியிருக்க மாட்டாளா? நான் எழுதிய மிசாவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல சேதியை யாரும் பையில் வைத்து ஜிப் போடுவதில்லை.

அடுத்து, மூக்குக்கண்ணாடி. கண்ணாடி பெரிய பைக்குள் இருந்தது, எழுத்து தெரியவில்லை, குத்துமதிப்பாகப் பார்த்தாள் என்று— அடித்துவிட்டேன். பட்டுச் சட்டையின் உள்பக்கம் தைத்திருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் படித்து வாழ்க்கை நடத்தும் சலவைக்காரி அவள்.

அடுத்து, போனில் சார்ஜ் தீர்ந்து உயிர் போய்விட்டது. "காலை: தெளிவு" என்ற முதல் வரி வந்ததும் திரை இருண்டது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு முழு மாலை அதை அப்படியே விட்டு வைத்திருந்தேன். அவள் மேல் பழி இல்லை, போன் மேல்தான் பழி. ஆனால் திரை இருண்டு போன பெண் உள்ளே வந்து என்ன சொல்வாள்? "பாதிதான் தெரிஞ்சுது, உங்க போனைக் குடுங்க" என்பாள். சிரித்த முகத்தோடு வர மாட்டாள்.

அந்தச் சிரித்த முகத்தை அடித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அடித்தேன். அடித்த கோட்டுக்கு அடியில் அது தெரிகிறது.

(* இந்த இடத்தில்தான் முன்கூடத்துப் பெண் நினைவுக்கு வந்தாள், கட்டாத நாடாவோடு போனவள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. பேருந்தில் குடையை வைத்துவிட்டு வந்தது திடீரென்று ஞாபகம் வந்திருக்கலாம். அவளை மிசாவோவோடு முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. முடிச்சுப் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அந்தக் குளியல் இல்லத்துக்குப் போகவில்லை.)

7

ஏன் சொல்லவில்லை?

மிசாவோ கெட்டவள் இல்லை. நோரியேவின் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். இதை நான் சொல்லித் தெரிய வேண்டாம், சங்கிலியை விடாமல் அழச் சொன்னவள் அவள்.

ஒரு ராத்திரி முழுக்க அவளைக் கிண்டல் செய்தார்கள். வலிக்காத கிண்டல்தான், எல்லோரும் செய்வது. பறிபோனதைக் காலையில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். கைதட்டல், காணிக்கை, வாபஸ். முன்பின் தெரியாத ஒருவர் இடுப்பு வரை குனிந்தார். அந்த வானத்தைக் கொண்டுவந்ததே அவள்தான் என்று அத்தனை பேரும் சொன்ன பிறகு, கால் மணி நேரத்தில் உள்ளே போய், அது கெட்ட வானம் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்? வானத்தைப் பற்றியா சொல்வதாக இருக்கும் அது? தன்னைப் பற்றி அல்லவா? இவர்களில் யாருமே அவளை வெயில்காரி என்று மனதார நம்பவில்லை. அதுதான் என்னை உலுக்குகிறது. விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டை முறிக்க முடியாமல் ஒரு பெண் தொட்டி ஓரத்தில் நிற்கிறாள்.

இன்னொன்றும் இருக்கலாம், இதை எழுதக் கை கூசுகிறது. அவள் நம்பியிருக்கலாம். விளையாட்டு விழா, கடற்கரை, கல்யாணம். மூன்று தடவையும் முன்னறிவிப்பு ஒன்று சொன்னது, அவள் வந்தாள், வேறொன்று நடந்தது. நாலாவது தடவை ஏன் நடக்கக் கூடாது? முற்பகலுக்குள் அந்தக் காற்று அவளுக்காக வழி விலகிப் போகாது என்று யார் சொன்னது? போனை மூடும்போது அவள் மனதில் ஓடியது இதுவாக இருந்தால், அந்தச் சிரிப்பு நடிப்பில்லை.

எது என்று எனக்குத் தெரியவில்லை. இவளை உண்டாக்கியவன் நான், எனக்கே தெரியவில்லை.

8

முடிவுகள்.

முதல் முடிவு. அவள் சொல்லிவிடுகிறாள். கிதாஹாரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றுகிறார். கடைசிப் பேருந்தைப் பற்றி நாலு தடவை சொல்கிறார். முற்பகலில் ஜன்னல் சட்டங்கள் கடகடவென்று ஆடத் தொடங்குகின்றன. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்த ஓகுமா கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டுகிறார். கடைசியில் கிதாஹாரா, "இனிமே இவங்க மழைக்காரி," என்கிறார். நோரியே டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மிசாவோவும் சிரிக்கிறாள். எந்தக் கிண்ணத்துக்குப் பின்னாலும் ஒளியாமல்.

இதைத்தான் முடிவாக வைக்க எனக்கு ஆசை. ஆனால் "அவள் சொல்லிவிடுகிறாள்" என்று நான் சொல்கிறேனே தவிர, அவள் சொல்லவில்லை. எந்தச் சொற்களால் சொன்னாள் என்று எழுதப் போனால் ஒன்றும் வருவதில்லை. கைதட்டல் ஓயக் காத்துக்கொண்டு காகிதம் வெறுமையாக நிற்கிறது.

இரண்டாம் முடிவு. சங்கிலியின் நடுவில் நோரியே நின்றுவிட்டாள். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மேற்கே, காலுக்குக் கீழே படுத்திருந்த மேகம் எழுந்து சுவராக நின்றிருந்தது. முதல் காற்று வந்தபோது கிதாஹாராவின் கழுத்துத் துண்டு பறந்தது. அது பள்ளத்துக்குள் விழவில்லை, மேலே போனது. "மிசாவோ-சான்," என்றாள் நோரியே. அழுதுகொண்டிருந்தாள். சங்கிலியை விடவில்லை, சொன்னபடியே. "மிசாவோ-சான், இது வரும்னு உங்களுக்கு—"

இல்லை. எழுத மாட்டேன்.

மூன்றாம் முடிவு. ஓகுமா ஓடி வருகிறார். இணைப்பு வந்துவிட்டது, பலகையைக் கையில் தூக்கிக்கொண்டே, நில்லுங்க, நில்லுங்க என்று. கதை எழுதுகிறவர்கள் இப்படி ஒருவரை ஓடி வரச் செய்வது வழக்கம்தான். செய்திருப்பேன். பாதி எழுதியபோது ஒன்று தோன்றி, பேனாவை வைத்துவிட்டேன். ஓகுமா ஏன் அங்கே இல்லை? குழாய் உடைந்திருந்தது. குழாயை உடைத்தது யார்? பலகை ஏன் வெறுமையாக இருந்தது? இடி விழுந்தது. இடியை விழ வைத்தது யார்? ஒரு வேடிக்கைக்கு இடம் வேண்டும் என்று, எச்சரிக்கை சொல்லக்கூடிய ஒவ்வொரு வாயையும் நானே ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறேன். ஒருத்தியின் போனை மட்டும் விட்டு வைத்தேன். அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மலை ஏறுகிறவர்கள் ஏறுவதற்கு முன் உச்சியின் வானிலையைப் பார்க்கிறார்கள். நான் மூன்று பேரை முகட்டுக்கு அனுப்பிவிட்டு, நான்கு நாள் கழித்துப் பார்த்தேன்.

9

ஆகவே கதையைத் திரும்ப வாசல் படிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு மேல் எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டேன். சூரியன் பை மாட்டிக்கொண்டு நடந்ததை எடுத்துவிட்டேன். "நான் இருக்கேனே" என்பதை எடுத்துவிட்டேன். கிதாஹாராவை அறைக்குள் அனுப்பி, தலைக்கவசத்தை எங்கே வைத்தோம் என்று தேட வைத்திருக்கிறேன். அவர் இல்லாத இந்தக் கொஞ்ச நேரம்தான் என்னால் செய்ய முடிந்த உதவி. நோரியேவின் கேள்வியை மட்டும் திருத்தினேன். முன்பு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள், யார் வேண்டுமானாலும் நழுவலாம். இப்போது ஒருவரைப் பார்த்துக் கேட்கிறாள்.

சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாயிற்று. அதை மாற்ற முடியவில்லை. அதற்கு அடுத்த வரி என்னிடம் இல்லை. அதை நீங்கள்தான் பேச வேண்டும். படிக்கிறவராக இருந்து பேசுவது சுலபம், எல்லோரும் சரியாகத்தான் சொல்வீர்கள். அந்த வாசல் படியில் மிசாவோவாகப் போய் நின்று பேசுங்கள். இடுப்புப் பையில் போன் இன்னும் சூடாக இருக்கிறது. வெளியே மாசு மருவில்லாத வானம். கூடத்தில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லி இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கையில் நகோயாக்காரர் கொடுத்த இனிப்புக் கட்டி.

"மிசாவோ-சான், மேல எப்படி இருக்கும்னு நீங்க பாத்தீங்களா?"

நோரியே இரண்டாவது பூட்ஸைக் கையில் எடுத்துவிட்டாள்.